மீடியம் ஃபார்மட்டில் வைட் ஷிஃப்ட் லென்ஸ்: நிஜமாக எத்தனை மில்லிமீட்டர் கிடைக்கும்?

காரைவீடு

எல்லோருக்கும் வணக்கம். நான் எடுப்பது பெரும்பாலும் செட்டிநாட்டு வீடுகள், அதிலும் ஆவணப்படுத்தலுக்காகவும் பழுதுபார்க்கும் கட்டடக்கலைஞர்களுக்காகவும். இத்தனை நாள் கேனான் ஃபுல் ஃப்ரேம் பாடி, அதில் டிஎஸ்-இ 17 எஃப்4, டிஎஸ்-இ 24 எஃப்3.5 (2009இல் வந்த இரண்டாம் பதிப்பு) என்று வேலை ஓடியது. இப்போது ஃபுஜியின் மீடியம் ஃபார்மட் கேமரா ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் கைக்கு வந்திருக்கிறது. வீட்டு முகப்பை ஆளுயரத்துக்குப் பிரிண்ட் போட்டுக் கேட்கிறார்கள், அதில் சுண்ணாம்புச் சுதை வேலையின் ஒவ்வொரு மடிப்பும் தெரியவேண்டும் என்கிறார்கள், அதற்காகத்தான் மாறினேன்.

இரண்டு லென்ஸிலும் 12 மி.மீ. ஷிஃப்ட் (கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலோ பக்கவாட்டிலோ நகர்த்துவது) என்று பொறித்திருக்கிறது. பெரிய சென்சாரில் அந்த 12 முழுதாகக் கிடைக்காது, மூலை இருண்டுபோகும் என்று ஒருவர் சொல்கிறார். இன்னொருவர் அதெல்லாம் தாராளமாக வரும் என்கிறார். கடைக்காரர் சொல்வது, இரண்டையும் விற்றுவிட்டு ஃபுஜியின் ஜிஎஃப்30 எஃப்5.6 டி/எஸ் வாங்கிவிடுங்கள், அதில் 15 மி.மீ. இருக்கிறது என்று. 2023இல் அது வந்தபோது அமெரிக்காவிலேயே 4000 டாலர். நம் ஊருக்கு வந்து சேரும்போது என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

இருப்பதை வைத்து ஓட்டலாமா, இல்லை விற்றுவிடலாமா?

நேர்க்கோடு

ஷிஃப்ட் லென்ஸே வேண்டாம் என்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 102 மெகாபிக்சல் இருக்கும்போது கேமராவை மேலே தூக்கி எடுத்துவிட்டு லைட்ரூமில் செங்குத்துக் கோடுகளை நிமிர்த்திவிடலாம். ஒரே இடத்தில் நின்று எடுத்தால் ஷிஃப்ட் செய்த படத்துக்கும் மென்பொருளில் நிமிர்த்திய படத்துக்கும் வடிவியலில் வித்தியாசம் கிடையாது. பெர்ஸ்பெக்டிவை, அதாவது கிட்டே இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒன்றுக்கொன்று எப்படித் தெரிகின்றன என்பதை, தீர்மானிப்பது நாம் நிற்கும் இடம்தான், லென்ஸ் இல்லை.

அகலக்கண்

காரைவீடு, விற்காதீர்கள். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் எல்லோரும் பேசுகிறார்கள், பார்க்க வேண்டியது பிம்ப வட்டத்தை, அதாவது லென்ஸ் உள்ளே விழச்செய்யும் வட்டமான படத்தின் அளவை.

கேனான் தன் 17, 24 இரண்டுக்கும் சொல்லும் பிம்ப வட்டத்தின் விட்டம் 67.2 மி.மீ. அதாவது மையத்திலிருந்து 33.6 மி.மீ. வரை நல்ல படம் உண்டு. ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36க்கு 24. அதை வெர்ட்டிகலாக வைத்து 12 மி.மீ. மேலே ஷிஃப்ட் செய்தால் மூலை எங்கே போகிறது? பக்கவாட்டில் 12, மேலே 18 கூட்டல் 12 ஆக 30, பிதாகரஸ் போட்டால் 32.3. வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது, கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது. அந்த 12 என்ற எண் இப்படித்தான் வந்தது என்று நினைக்கிறேன், ஃபுல் ஃப்ரேமின் மூலையை மனதில் வைத்து.

இப்போது உங்கள் ஜிஎஃப்எக்ஸ் சென்சார் 43.8க்கு 32.9. அதே கணக்கைப் போட்டால் ஹரிசாண்டலாக வைத்து மேலே ஷிஃப்ட் செய்யும்போது 9 மி.மீ. கிடைக்கும். வெர்ட்டிகலில் 7.4 மி.மீ. அதைத் தாண்டினால் மூலை முதலில் மங்கும், அப்புறம் இருளும். ஆக, முதலில் சொன்னவர் சொன்னது சரி.

ஆனால் அதோடு நிறுத்தினால் தவறான முடிவுக்குப் போய்விடுவோம். பெரிய சென்சாரில் அதே லென்ஸ் ஏற்கெனவே அகலமாகப் பார்க்கிறது. 24 மி.மீ. ஃபுல் ஃப்ரேமில் கிடைமட்டமாக 74 டிகிரி பார்த்தால் ஜிஎஃப்எக்ஸில் 85 டிகிரி பார்க்கும், ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 19 மி.மீ. லென்ஸ் அது. 17 உங்களிடம் ஏறக்குறைய 13.5 ஆகிவிடும். அகலமான லென்ஸுக்கு, அதே கோபுரத்தின் உச்சியைத் தொட, குறைவான ஷிஃப்ட் போதும்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். கேமரா உயரம் ஒன்றரை மீட்டர், கட்டடம் 15 மீட்டர் உயரம், நீங்கள் நிற்பது 15 மீட்டர் தள்ளி. கேமராவை நீர்மட்டமாக வைத்தால் உச்சி, கண்மட்டத்துக்கு மேல் 13.5 மீட்டர். 24 லென்ஸில் அந்த உச்சி மையத்திலிருந்து 21.6 மி.மீ. தூரத்தில் விழும். ஹரிசாண்டலில் சென்சாரின் பாதி உயரம் 16.45, எனவே உங்களுக்குத் தேவை 5 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். ஜிஎஃப்30இல் அதே உச்சி 27 மி.மீ.யில் விழும், பத்தரை மி.மீ. ஷிஃப்ட் வேண்டும்.

இன்னும் ஒரு படி போவோம். உங்கள் 24ஐ 9 மி.மீ. தூக்கினால் கண்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 46.7 டிகிரி மேலே வரை பார்க்கிறது. ஜிஎஃப்30ஐ முழு 15 மி.மீ.யும் தூக்கினால் 46.4 டிகிரி. வெர்ட்டிகலிலும் இதே கதைதான், 24 (7.4 மி.மீ.) 50.7 டிகிரி, 30 (15 மி.மீ.) 50.9 டிகிரி. இரண்டும் ஒரே உயரத்தைத்தான் எட்டுகின்றன. 15 பெரியது, 7.4 சிறியது என்று கடைக்காரர் சொல்வதை வைத்து நாலாயிரம் டாலர் எண்ணக்கூடாது.

காரைவீடு

இப்படி யாரும் எனக்குச் சொல்லவே இல்லை, மிக்க நன்றி அண்ணா. அப்படியென்றால் ஜிஎஃப்30 எதற்காக இருக்கிறது?

அகலக்கண்

அதற்கென்று இடம் இருக்கிறது தம்பி. அதன் பிம்ப வட்டம் 85 மி.மீ., 15 மி.மீ. ஷிஃப்டில் வெர்ட்டிகலில்கூட மூலை வட்டத்துக்குள் வசதியாக நிற்கிறது. 24ஐ நீங்கள் 9 மி.மீ. தள்ளும்போது மேல் மூலைகள் வட்டத்தின் கடைசி விளிம்பில் உட்கார்ந்திருக்கும், அங்கே எஃப்11 வைத்தாலும் நடுப்பகுதியின் கூர்மை வராது. சுதைச் சிற்பம் பெரும்பாலும் முகப்பின் உச்சியில்தானே இருக்கிறது, ஆக உங்கள் வாடிக்கையாளர் உற்றுப் பார்க்கப்போவது அந்த மூலைகளைத்தான். ஜிஎஃப்30 அங்கே நன்றாக இருக்கும். ஃபுஜியின் பாடியே அபெர்ச்சரைக் கையாளும், எவ்வளவு ஷிஃப்ட் என்பது கோப்பிலேயே பதிவாகும். அடாப்டர் என்கிற ஒரு பொருளே நடுவில் கிடையாது, இது சின்ன விஷயம் இல்லை, பின்னால் சொல்கிறேன்.

மறுபக்கம், 24 தரும் ஃப்ரேமிலிருந்து 30இன் ஃப்ரேமை வெட்டி எடுத்தால் கையில் நிற்பது ஏறக்குறைய 65 மெகாபிக்சல். 30 நேரடியாக 102 தரும். ஆளுயரப் பிரிண்டில் இந்த வித்தியாசம் கிட்டே போய்ப் பார்த்தால் தெரியும், நான்கு அடி தள்ளி நின்றால் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜிஎஃப்எக்ஸ் 100எஸில் 35 மி.மீ. ஃபார்மட் முறை இருக்கிறது, நடுவில் 36க்கு 24 பகுதியை மட்டும் எடுக்கும், அப்போதும் 60 மெகாபிக்சல் கிடைக்கும். அந்த முறையில் உங்கள் இரண்டு கேனான் லென்ஸிலும் பழையபடி முழு 12 மி.மீ. ஷிஃப்ட் உண்டு. வட்டம் எந்தக் கேமராவில் மாட்டினாலும் மாறாது, பெரிய சென்சார் அதிலிருந்து அதிகமாக அள்ளிக்கொள்கிறது, அவ்வளவுதான். எனவே இந்த மாற்றத்தில் நீங்கள் இழந்தது எதுவும் இல்லை.

நேர்க்கோடு

அகலக்கண் சாரின் கணக்கு எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் அதே கணக்கு என் பக்கமும் பேசுகிறது பாருங்கள்.

2022இல் வந்த ஜிஎஃப்20-35 எஃப்4 ஜூம். அதை 20இல் வைத்து, கேமராவை வெர்ட்டிகலாக, துல்லியமாக நீர்மட்டமாக நிறுத்துங்கள். தூக்கவே வேண்டாம். மேலே 47 டிகிரிக்கு மேல் பார்க்கிறது, நீங்கள் சொன்ன 46.4ஐத் தாண்டிவிட்டது. கீழே பாதிப் படம் வெறும் தரை, அதை வெட்டிவிடுங்கள். முழு ஷிஃப்டில் ஜிஎஃப்30 ஹரிசாண்டலாகத் தரும் அதே படம் அப்படியே அந்த ஃப்ரேமுக்குள் இருக்கிறது, அகலத்திலும் இடிக்கவில்லை. கையில் வருவது 45 மெகாபிக்சல். கோடுகளை இழுத்து நிமிர்த்தும் வேலைகூடக் கிடையாது, வெறும் கிராப். ஷிஃப்ட் என்பதே பெரிய வட்டத்திலிருந்து வேண்டிய துண்டை எடுப்பதுதானே, அதைச் சென்சாருக்குப் பின்னால் செய்தால் என்ன குறை?

அகலக்கண்

கணக்கு சரி. கேமராவைத் தூக்கி எடுத்து நிமிர்த்துவதைவிட இது நல்ல வழி என்றும் ஒத்துக்கொள்கிறேன், தூக்கி எடுத்தால் மேல் பகுதியின் பிக்சல்களை விரிக்க வேண்டியிருக்கிறது, கூர்மை அங்கேதான் முதலில் போகும். வடிவியல் ஒன்றுதான் என்றாலும் விவரம் ஒன்றில்லை.

ஆனால் நான் ஷிஃப்டை விடாததற்குக் காரணம் மெகாபிக்சல் இல்லை. ஒரு வளவுக்குள் நின்று படத்தைக் கட்டும்போது நான் திரையில் பார்ப்பதுதான் படமாக இருக்க வேண்டும். நாலு பக்கமும் தூண், மேலே திறந்த வானம், தரையில் ஆத்தங்குடித் தளம். ஒரு சாண் இடப்பக்கம் நகர்ந்தால் முன் தூண் பின் தூணை மறைத்துவிடுகிறது, வலப்பக்கம் நகர்ந்தால் இரண்டாம் கட்டுக் கதவு மறைகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் எல்லாம் போகிறது. அப்போது திரையில் பாதி தரையாகத் தெரிந்துகொண்டிருந்தால், "மேலே உள்ள பாதிதான் படம், கீழே உள்ளதைப் பார்க்காதீர்கள்" என்று பக்கத்தில் நிற்கும் கட்டடக்கலைஞரிடம் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அவரும் பார்த்து, அந்த நாற்காலியை அரை அடி தள்ளுங்கள் என்று சொல்லவேண்டும்.

அப்புறம் பக்கவாட்டு ஷிஃப்ட். முகப்பு வாசலிலிருந்து கொல்லைக் கதவு வரை ஒரே நேர்க்கோட்டில் தெரியும் வீடுகள் உங்கள் ஊரில் எத்தனை இருக்கின்றன, அதில் கூடத்தில் ஒரு பெரிய பெல்ஜியம் கண்ணாடி மாட்டியிருக்கும், நேர் எதிரே நின்றால் ட்ரைபாடும் நீங்களும் அதில் தெரிவீர்கள். பக்கத்தில் ஒதுங்கி நின்று, கேமராவைத் திருப்பாமல் சுவருக்கு இணையாகவே வைத்து, லென்ஸைக் கண்ணாடி இருக்கும் பக்கமாக ஷிஃப்ட் செய்தால் கண்ணாடிச் சட்டம் நேர்ச் செவ்வகமாக நிற்கும், உங்கள் உருவம் ஒதுங்கிவிடும். இதையும் கிராப்பில் செய்யலாம் என்பீர்கள். செய்யலாம். ஆனால் மேலேயும் பக்கத்திலும் சேர்த்துத் தள்ள வேண்டி வந்தால் உங்கள் 45 இன்னும் இறங்கும்.

டில்ட் (லென்ஸை மட்டும் சற்றுச் சாய்ப்பது) பற்றி நான் பேசவே இல்லை. ஆத்தங்குடித் தளம் காலடியிலிருந்து கடைசிச் சுவர் வரை கூர்மையாக வேண்டும் என்றால் ஒரு டிகிரி டில்ட் செய்வதை எந்த கிராப்பும் செய்யாது.

சிங்கைநிழல்

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். ஜிஎஃப்எக்ஸ் இல்லாமல் ஹாஸல்பிளாட் எக்ஸ் வரிசை வைத்திருப்பவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டு அடாப்டர் வாங்க ஓடாதீர்கள், ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது.

சென்சார் அளவு ஏறக்குறைய அதே 44க்கு 33தான், மவுண்ட்டிலிருந்து சென்சார் வரை உள்ள தூரமும் ஜிஎஃப்எக்ஸைவிடக் குறைவு, எனவே கேனான் லென்ஸ் மாட்டுவதில் இடப் பிரச்சினை இல்லை. ஆனால் எக்ஸ்1டி ஆகட்டும், 2022இல் வந்த எக்ஸ்2டி ஆகட்டும், பாடிக்குள் ஷட்டர் கிடையாது, ஷட்டர் அவர்களுடைய லென்ஸுக்குள் இருக்கிறது. வேறு லென்ஸ் மாட்டினால் எலக்ட்ரானிக் ஷட்டர் மட்டும்தான். சென்சார் வரிசை வரிசையாக மெதுவாகப் படிக்கும். வெளியே வெயிலில் கட்டடம் எடுக்க ஒன்றும் ஆகாது, கட்டடம் ஓடப்போவதில்லை. உள்ளே மலிவான எல்இடி விளக்கு இருந்தால் படம் முழுக்கப் பட்டை பட்டையாக விழும், அதை எந்த மென்பொருளாலும் சுத்தமாக எடுக்க முடியாது. ஃபிளாஷும் போட முடியாது. ஷட்டர் நேரத்தை நீளமாக வைத்தால் பட்டை குறையும், நான் விளக்கு உள்ள அறைகளில் அரை விநாடிக்குக் கீழே போவதில்லை.

அதனால்தான் இடக்குறைவான பழைய கடைவீடுகளுக்கு நான் இப்போதும் என் நண்பரின் ஜிஎஃப்எக்ஸையே வாங்கிப் போகிறேன். ஐந்தடி நடைபாதை, எதிரே உடனே தெரு, பின்வாங்க இடமே இல்லாத இடங்களில் 17ஐ மாட்டி ஆறு, ஏழு மி.மீ. தூக்கினால் கூரை ஓடு வரை வந்துவிடும்.

17 பற்றி ஒரு எச்சரிக்கை. மேல் மூலையில் இருக்கும் எதுவும் வெளிப்பக்கமாக இழுபடும். உருண்டையான விளக்குக் கூண்டு முட்டை வடிவில் வரும், தூணின் தலை பெருத்துத் தெரியும். இது லென்ஸின் கோளாறு இல்லை, அவ்வளவு அகலமான கோணத்தைத் தட்டையான சென்சாரில் விரித்தால் இப்படித்தான் ஆகும். நேர்க்கோடுகள் மட்டும் உள்ள கட்டடத்தில் தெரியாது, வளைவு வந்தால் தெரிந்துவிடும்.

பழையபெட்டி

எல்லோரும் புது லென்ஸ் பற்றியே பேசுகிறீர்கள். பணம் குறைவாக வைத்திருக்கும் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காக.

645 ஃபிலிம் கேமராவின் ஃப்ரேம் ஏறக்குறைய 56க்கு 41.5 மி.மீ., அதன் மூலைவிட்டம் 70 மி.மீ. கிட்ட. அந்தக் கேமராவின் எந்தச் சாதாரண லென்ஸும் குறைந்தது அந்த வட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும். அதை ஜிஎஃப்எக்ஸ் சென்சாரில் போட்டால் ஹரிசாண்டலில் பத்து மி.மீ.க்கு மேல் நகர்த்த இடம் இருக்கிறது, கேனான் ஷிஃப்ட் லென்ஸைவிட அதிகம். லென்ஸில் ஷிஃப்ட் இல்லையே என்றால், அடாப்டரில் ஷிஃப்ட் இருக்கிறது. பென்டாக்ஸ் 645 லென்ஸுக்கு மவுண்ட் தூரம் 70.87 மி.மீ., ஜிஎஃப்எக்ஸுக்கு 26.7. நடுவில் 44 மி.மீ. இடம், நகரும் பொறிக்கு அது தாராளம். கிப்பான், ஃபோட்டோடியாக்ஸ் இரண்டு பேரும் இப்படிப்பட்ட அடாப்டர் செய்கிறார்கள். பென்டாக்ஸ் 645இன் 35 மி.மீ. லென்ஸ் அதில் மாட்டினால் ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 28 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸ். அபெர்ச்சர் வளையம் லென்ஸிலேயே இருக்கிறது, மின் இணைப்பு எதுவும் வேண்டாம்.

மாமியா 645இன் 50 மி.மீ. ஷிஃப்ட், பென்டாக்ஸ் 67இன் 75 மி.மீ. ஷிஃப்ட் என்று பழைய ஷிஃப்ட் லென்ஸ்களும் கிடைக்கும், ஆனால் ஜிஎஃப்எக்ஸில் அவை 40, 60 ஆகிவிடும். முகப்பில் ஒரு பகுதியை மட்டும் எடுக்க அருமை, அறைக்குள் உதவாது.

28 போதாது, இன்னும் அகலம் வேண்டும் என்பவர்கள் லாவாவின் 20 மி.மீ. எஃப்4 ஷிஃப்ட்டைப் பாருங்கள், ஜிஎஃப்எக்ஸ் மவுண்ட்டிலேயே வருகிறது, பெரிய சென்சாரில் 8 மி.மீ. வரை என்று அவர்களே சொல்கிறார்கள். நேர்மையான எண். டில்ட் கிடையாது.

காரைவீடு

பழையபெட்டி ஐயா, டெக்னிகல் கேமராவில் வேலை செய்தவர் நீங்கள். அதில் இந்தக் கணக்கெல்லாம் எப்படி?

பழையபெட்டி

அங்கே ஒரு பெரிய வசதி, லென்ஸ் அசையாமல் நிற்கும், பின்னால் சென்சார் நகரும். கேம்போ, ஆல்ப்பா, ஆர்க்கா-ஸ்விஸ் கேமராக்களில் பலவும் அப்படித்தான். ஃபேஸ் ஒன்னின் எக்ஸ்டி 2019இல் வந்தது, 53.4க்கு 40 மி.மீ. சென்சார், 150 மெகாபிக்சல். ரோடன்ஸ்டாக் 32 மி.மீ. லென்ஸுக்கு 90 மி.மீ. வட்டம், 23க்கு 70 மி.மீ. அந்த 23ஐ அவ்வளவு பெரிய சென்சாரில் போட்டால் மூலைவிட்டமே 66.7, ஷிஃப்டுக்கு இரண்டு மூன்று மி.மீ.தான் மிஞ்சும். விலை எவ்வளவு என்றாலும் வட்டத்தின் சட்டம் ஒன்றுதான்.

லென்ஸ் அசையாததால் என்ன லாபம் என்றால், இடம் வலம் நகர்த்தி இரண்டு படம் எடுத்து ஒட்டும்போது முன் தூணும் பின் தூணும் ஒன்றுக்கொன்று விலகாது. உங்கள் கேனானில் லென்ஸ்தான் நகர்கிறது, 8 மி.மீ. நகர்ந்தாலும் கிட்டே இருக்கும் தூணில் அந்த விலகல் தெரியும். இதற்கு எளிய வழி, ட்ரைபாட் தலையில் ஒரு சின்ன நகரும் ரெயில். லென்ஸை வலப்பக்கம் 8 தள்ளினால் கேமராவை இடப்பக்கம் அதே 8 தள்ளுங்கள். லென்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கும், சென்சார் மட்டும் நகர்ந்த கணக்கு. ஹரிசாண்டலில் இரு பக்கமும் 7 மி.மீ. எடுத்து ஒட்டினால் 57.8க்கு 32.9 மி.மீ. சென்சாரில் எடுத்ததற்குச் சமம்.

பிறகு நிறப்படிவு. பழைய சிசிடி பேக்கில் (கேமராவின் பின்னால் மாட்டும் டிஜிட்டல் சென்சார் பெட்டி) ஷ்னைடரின் 35 எக்ஸ்எல் போன்ற லென்ஸைப் போட்டு ஷிஃப்ட் செய்தால் ஒரு பக்கம் பச்சை, மறு பக்கம் மெஜந்தா. அந்த லென்ஸ்கள் சென்சாருக்கு மிக அருகில் உட்காரும், ஓரத்தில் ஒளி மிகச் சாய்வாக வந்து விழும், பிக்சல் கிணறுகள் அதைத் தாங்காது. எஸ்எல்ஆருக்குச் செய்த லென்ஸுக்குக் கண்ணாடிக்கு வழிவிட வேண்டிய கட்டாயம், பின்பக்கம் தூரமாகவே இருக்கும்படி வடிவமைத்திருப்பார்கள், எனவே ஒளி அவ்வளவு சாயாது. 100 மெகாபிக்சல் ஜிஎஃப்எக்ஸ் சென்சார் பிஎஸ்ஐ வகை வேறு, மின்கம்பிகள் பின்பக்கம் இருப்பதால் சாய்வான ஒளியையும் நன்றாக வாங்கும். உங்கள் கேனானில் நிறப்படிவு ஏறக்குறைய தெரியாது, ஓர இருட்டு மட்டும் இருக்கும்.

காரைவீடு

அந்த ஓர இருட்டை எப்படிச் சரிசெய்வது? லென்ஸ் ப்ரொஃபைல் (மென்பொருளில் அந்தந்த லென்ஸுக்கென்று இருக்கும் தானியங்கித் திருத்தம்) போட்டுப் பார்த்தேன், ஒரு பக்கம் வெளுத்துப்போகிறது.

அகலக்கண்

ப்ரொஃபைல் எப்போதும் படத்தின் நடுவே லென்ஸின் மையம் என்று எடுத்துக்கொள்ளும். ஷிஃப்ட் செய்துவிட்டால் லென்ஸின் மையம் படத்தின் நடுவில் இல்லை, எனவே இருட்டு இல்லாத இடத்தை வெளுக்க வைக்கும். கேனான் லென்ஸ் எவ்வளவு நகர்ந்தது என்று சொல்லவும் சொல்லாது. ப்ரொஃபைலை அணைத்துவிடுங்கள். 24இல் கோடு வளைவது மிகக் குறைவு, அதற்காக ப்ரொஃபைல் தேவையில்லை. கேப்சர் ஒன் என்ற மென்பொருளில் லென்ஸ் கரெக்ஷனுக்குள் நகர்வு அளவைக் கையால் கொடுக்க இடம் உண்டு, அப்படிச் செய்பவர்கள் ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை மி.மீ., எந்தப் பக்கம் என்று குறித்து வைக்க வேண்டும்.

நான் செய்வது வெள்ளைத் தகடு வழி. படம் எடுத்து முடித்ததும், எதையும் தொடாமல், அதே ஷிஃப்ட், அதே அபெர்ச்சர், அதே ஃபோகஸ், லென்ஸுக்கு முன்னால் பால் நிற அக்ரிலிக் தகட்டைப் பிடித்து இன்னொரு படம். கொஞ்சம் கூடுதல் எக்ஸ்போஷர் கொடுத்து வெளிர் சாம்பலாக வரவைக்க வேண்டும், வெள்ளையாக எரிந்துவிடக் கூடாது. கேப்சர் ஒன்னில் எல்சிசி, லைட்ரூமில் ஃபிளாட் ஃபீல்ட் கரெக்ஷன் என்று இருக்கும், அதில் கொடுத்தால் ஓர இருட்டு, நிறப்படிவு இரண்டும் ஒரே அடியில் போய்விடும். சென்சார் தூசியும் பெரும்பாலும் போகும், கேப்சர் ஒன்னில்.

நேர்க்கோடு

அடாப்டர் பற்றிப் பின்னால் சொல்கிறேன் என்றீர்கள் சார்.

அகலக்கண்

ஆமாம், அதுதான் இந்த ஏற்பாட்டிலேயே பலவீனமான கண்ணி.

கேனான் லென்ஸில் அபெர்ச்சர் வளையம் கிடையாது, எல்லாம் மின்சாரம். எனவே ஃப்ரிஞ்சர், டெக்கார்ட் மாதிரி மின் இணைப்புள்ள அடாப்டர் கட்டாயம். வெறும் உலோக வளையத்தை மலிவாக வாங்கினால் லென்ஸ் எஃப்3.5இலேயே திறந்து நிற்கும், ஷிஃப்ட் செய்து அப்படி எடுப்பதில் அர்த்தமே இல்லை. நிக்கான் 19 பிசி வைத்திருப்பவர்களுக்கும் இதே நிலைமை, அதுவும் எலக்ட்ரானிக் அபெர்ச்சர்தான்.

அடுத்தது தடிமன். கேனான் மவுண்ட் தூரம் 44 மி.மீ., ஜிஎஃப்எக்ஸ் 26.7, அடாப்டர் 17.3 மி.மீ. இருக்க வேண்டும். ஒரு பக்கம் மயிரிழை தடிமன் கூடினாலும் 17 மி.மீ. லென்ஸில் படத்தின் இடப்பக்கம் கூர்மை, வலப்பக்கம் மங்கல் என்று வரும், லென்ஸ்தான் கெட்டுப்போனது என்று நினைத்து லென்ஸைப் பழுதுக்குக் கொடுப்பார்கள். சோதனை சுலபம். தூரத்தில் இருக்கும் தட்டையான கட்டடம், ஷிஃப்ட் சுழி, டில்ட் சுழி, எஃப்5.6, நாலு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். அப்புறம் கேமராவைத் தலைகீழாக மாட்டி இன்னொரு படம். மங்கல் கேமராவோடு சேர்ந்து பக்கம் மாறினால் அடாப்டரிலோ லென்ஸிலோதான் கோளாறு, அதே அடாப்டரில் வேறு லென்ஸைப் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். மங்கல் கட்டடத்தின் அதே பக்கத்தில் நின்றுகொண்டால் நீங்கள் சுவருக்கு இணையாக நிற்கவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது, அடாப்டரின் உட்சுவர். சிலவற்றில் கறுப்புப் பூச்சு பளபளக்கும். சென்சாருக்கு வெளியே விழும் வட்டத்தின் மிச்ச ஒளி எங்கே போகும்? அந்தச் சுவரில் பட்டுத் தெறித்து மறுபடி சென்சாரில் விழும். வளவில் மேலே வானம் திறந்திருக்கும்போது ஷிஃப்ட் செய்தால் நிழல் பகுதி முழுக்கப் புகை படிந்தமாதிரி வெளிறிப்போவது இதனால்தான். உள்ளே ஒளி உறிஞ்சும் கறுப்பு வெல்வெட் தாள் ஒட்டினால் பளிச்சென்று வித்தியாசம் தெரியும். 17க்கு முன்கண்ணாடி பிதுங்கி நிற்பதால் சாதாரண ஹூடும் திருகு ஃபில்டரும் போட வழியில்லை, வெயில் பக்கவாட்டில் வந்தால் கையால் மறைத்துத்தான் ஆக வேண்டும், விரல் படத்தில் விழுகிறதா என்று ஒவ்வொரு படத்திலும் பாருங்கள்.

சிங்கைநிழல்

கூடவே ஒன்று. ட்ரைபாடில் நிற்கும்போது கேமராவின் ஐபிஐஎஸ்ஸை (சென்சாரை அசைத்துக் கைநடுக்கத்தைக் குறைக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். விளிம்பு வரை ஷிஃப்ட் செய்திருக்கும்போது சென்சார் அசைந்தால் அந்த அரை மி.மீ. கூட மூலையில் காட்டிக்கொடுக்கும். தொல்லியல் துறையின் கீழ் உள்ள இடங்களில் ட்ரைபாட் வைக்க முன்கூட்டியே அனுமதி வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், காரைக்குடி வீடுகளுக்கு அந்தத் தொல்லை இல்லை, வீட்டுக்காரர் சம்மதம் போதும்.

காரைவீடு

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு லென்ஸையும் வைத்துக்கொள்கிறேன். மின் இணைப்புள்ள அடாப்டர் வாங்கி நாலு மூலைச் சோதனை செய்துவிட்டு, முகப்புகளுக்கு 24, வளவுக்கு 24, மிக ஒடுங்கிய அறைகளுக்கு மட்டும் 17 என்று போகிறேன். உச்சிச் சுதையை மட்டும் ஆளுயரத்துக்குக் கேட்கும் வேலை வரும்போது ஜிஎஃப்30ஐ வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது, சென்னையில் கிடைக்குமா என்று விசாரிக்கிறேன்.

கடைசியாக ஒன்று. 24இல் 9 மி.மீ. என்று கணக்கு சொல்கிறது, நிஜத்தில் எதுவரை போகலாம்? எந்த அபெர்ச்சர்?

அகலக்கண்

வாடகைக்கு எடுப்பது நல்ல யோசனை. ஹரிசாண்டலில் 8 வரை கவலையில்லாமல் போங்கள், மேல் மூலையில் வானம் மட்டும் இருந்தால் 10 கூட வைக்கலாம், வானத்துக்குக் கூர்மை தேவையில்லை, இருட்டை வெள்ளைத் தகடு சரிசெய்துவிடும். வெர்ட்டிகலில் 6. அதற்கு மேல் வேண்டும் என்றால் கிராப் செய்ய இடம் விட்டுக் கட்டுங்கள். டில்ட்டும் சேர்த்துச் செய்தால் வட்டம் இன்னும் ஒரு பக்கம் ஒதுங்கும், அப்போது இந்த எண்களையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

எஃப்8க்கும் எஃப்11க்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள், மூலை முக்கியம் என்றால் 11. 3.76 மைக்ரான் பிக்சலில் எஃப்16 போனால் டிஃப்ராக்ஷனில் (சின்னத் துளையில் ஒளி விரிந்து சிதறுவது) நடுப்பகுதியே மங்கிவிடும், அதற்கு 102 மெகாபிக்சல் எதற்கு. ஃபோகஸை நடுவில் வைத்து ஷிஃப்ட் செய்யாதீர்கள், முதலில் ஷிஃப்ட், பிறகு சுதை இருக்கும் இடத்தையே பெரிதாக்கிப் பார்த்து அங்கே ஃபோகஸ். ஷிஃப்ட் திருகை இறுக்கிய பிறகும் இன்னொரு முறை பாருங்கள், செங்குத்தாக வைக்கும்போது லென்ஸின் எடையிலேயே அரை மி.மீ. இறங்கிவிடும்.

காரைவீடு

சரிங்க அண்ணா. தகடு எவ்வளவு தடிமன் வாங்குவது?

அகலக்கண்

3 மி.மீ. பால் நிற அக்ரிலிக், பெயர்ப்பலகை செய்யும் கடையில் மிச்சத் துண்டாகவே கொடுப்பார்கள். 17இன் முன்கண்ணாடியைத் தொடாமல் பிடிக்கிற அளவுக்குப் பெரிதாக, குறைந்தது 15 செ.மீ. சதுரமாக வெட்டி வாங்குங்கள், ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.